கிடாயின் மணி

அன்பு மகள் விஜயலெட்சுமிக்கு அப்பா எழுதுவது. பூனாகலையில் நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன்னையும் முனியாண்டி சாமி அப்படியே வைத்திருக்கட்டும். எழுத்தைப் பார்த்து யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே, எல்லாம் நானேதான். ஒரு வார்த்தை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த வயசில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவே இல்லை. உன் தம்பி தயாபரன் படுக்கையில் கிடந்தபடி வாயால் சொல்லிச் சொல்லிக் கொடுத்த படிப்பு இது. இன்னும் வளை அப்பா, இது என்ன எழுத்தா, ஒடைஞ்ச கொழுந்துக் கூடையா என்று சிரிப்பான். மொதக் கடிதம் அக்காவுக்குத்தான் போகணும் என்றும் சொல்லி வைத்திருந்தான். போகிறது, பார்க்க அவன் இல்லை.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது, தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்து எல்லாரும் வந்தார்கள், நீ வராததைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. மழைதான் விடாமல் பெய்கிறது. இனி அந்த ஆராய்ச்சி வேலைக்குப் போகமாட்டேன் என்று நீ போனில் அழுதது எனக்குக் காதிலேயே நிற்கிறது. அம்மா உன்னோடு பேசாததால்தான் அப்படிச் சொல்கிறாய் என்று தெரியும். தை மாதம், தயாபரனுக்கு இருந்த அதே தசைநோயோடு பிறந்த நாய் உங்கள் மருந்துக்குப் பிறகு படி ஏறுகிறது என்று நீ சொன்னாயே, மறுநாளே அவள் நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டச் சொல்லிவிட்டாள். மருந்து வேலை செய்தால் வெட்டுறேன்னுதானே நேர்ந்தேன், செஞ்சிருச்சே, சாமியைக் காக்க வைக்கலாமா என்று ஒரே பிடி. லயம் முழுக்கக் கறி மணந்தது. எந்தத் தேசத்திலோ ஒரு நாய் படியேறினதுக்குப் பூனாகலையில் கிடா விருந்து என்று தயாபரன் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தான். கிடாயின் கழுத்து மணியைக் கேட்டு வாங்கிக் கட்டிலில் கட்டவைத்தான், குரல் அடங்கின பிறகு விரலால் அதைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிடுவான்.

மனுசருக்கு அந்த மருந்து வர இன்னும் வருசங்கள் ஆகும் என்று நீ எவ்வளவு சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை. நாய்க்குக் கொடுத்தவ கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்கலையே என்று புலம்புவாள். தயாபரன் குரல் இருக்கும்போதே அதற்குப் பதில் சொல்லிவிட்டான், மொத நாய்க்குத்தாம்மா கொடுத்துப் பார்க்கணும், எனக்குக் கொடுத்து ஏதாவது ஆகியிருந்தா அக்கா உன் மூஞ்சியில எப்படி முழிப்பா என்றான். இந்த நோய் தாய் வழியாக வருவது என்று பதுளையில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு யார் மேலாவது கோபப்படாமல் இருக்க முடியவில்லை மகள், முன்னே சாமி மேலே, இப்போது உன் மேலே. தன் மேலே வருவதைத்தான் அப்படித் தள்ளிவிடுகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டிலில் இருந்த மணியை அவிழ்த்து என் பக்கத்தில் வைத்தாள். அவன் போனதிலிருந்து அதை யாரையும் தொட விடாதவள். அந்த நாய் கழுத்தில் கட்டச் சொல்லுங்க, அது நடக்கிற சத்தம் எனக்குக் கேக்கணும் என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் போனைத் தானே எடுக்கிறதாகச் சொன்னாள். அந்த நாயைக் கடைசியில் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். இப்போது அது நடக்கிறது, அது போதும். நீ வேலைக்குப் போ.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். உனக்கும் உன் கையில் வளர்கிற எல்லா உயிருக்கும் சாமி துணை. பக்கத்து லயத்து வீரசிங்கம் தன் ஆட்டோவில் பண்டாரவளைக்குப் போய் மணியையும் கடிதத்தையும் சேர்த்துத் தபாலில் போடுவான். மணி கையில் கிடைத்ததும் ஒரு ஞாயிறு பார்த்துக் கூப்பிடு, அம்மா காத்திருப்பாள்.

உன் அப்பா
மு. தம்பையா
இந்தத் தடவை கைநாட்டு இல்லை மகள், கையெழுத்து.