பேருந்து ஓட்ட அல்ல, கணக்குச் சொல்லித்தர அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
கணக்கு ஆசிரியர் (வெளிநாட்டவர்),
மேல்நிலைப் பள்ளி,
இருப்பிடம்: பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு, மருந்துக்கடை மாடி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வெளிநாட்டுப் பணியாளர் அனுமதி இயக்ககம்.

பொருள்: தற்காலிக இரண்டாம் பணி – ஓட்டுநர்களுக்குக் கணக்கு கற்பிக்க அனுமதி கேட்டது – பேருந்து ஓட்ட அனுமதி வழங்கப்பட்டது – திங்கட்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. கடந்த மாதம் 6ஆம் தேதியிட்ட எனது விண்ணப்பம். 2. இம்மாதம் 11ஆம் தேதியிட்ட தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் இயக்ககம் எனது விண்ணப்பத்தை ஏற்று, முப்பத்தாறே நாட்களில் ஆணை வழங்கியமைக்கு முதற்கண் நன்றி. இவ்வளவு விரைவாக வரும் என்று நான்காம் கவுண்டரில் உள்ள அம்மையாரே எதிர்பார்க்கவில்லை. ஆணையில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. அது ஏன் அவசரம் என்பதைக் கீழ்க்கண்ட பத்திகளில் பணிவுடன் விளக்குகிறேன்.

1. நான் நான்கு ஆண்டுகளாக இவ்வூர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எனது அனுமதி அட்டையில் 'இப்பள்ளியில் மட்டும்' என்று தடித்த எழுத்தில் உள்ளது. அதை ஒருநாளும் மீறியதில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி வீட்டுப்பாடத்தோடு வந்தபோதுகூட, 'பள்ளிக்கு வா, அங்கே சொல்கிறேன்' என்று திருப்பி அனுப்பியவன் நான். அந்தக் குழந்தை வேறு பள்ளியில் படிப்பதால், விஷயம் அத்துடன் நின்றுவிட்டது. இன்றும் படிக்கட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

2. நகரப் பேருந்து ஓட்டுநர்கள் அனைவரும் எழுத்துத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று இவ்வாண்டு புதிய விதி வந்துள்ளதைத் தாங்கள் அறிவீர்கள். நேரம், தூரம், எரிபொருள், சதவீதம் என இருபத்து நான்கு கேள்விகள். தேறாதவர் இனி வண்டியைத் தொடக் கூடாது, கழுவும் கொட்டகைக்கு மாற்றப்படுவார். எங்கள் பகுதிப் பணிமனையில் இருபத்து மூன்று பேர் இத்தேர்வு எழுத வேண்டும். அவர்களுக்கு வகுப்பெடுத்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, இரண்டாம் வாரத்திலேயே படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். வேறு கணக்கு ஆசிரியர்கள் அனைவரும் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்கள். தேர்வு இம்மாதம் 30ஆம் தேதி.

3. அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவர், நான் தினமும் பள்ளிக்குச் செல்லும் 17ஆம் எண் பேருந்தின் ஓட்டுநர். முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை. அவரது வேகத்தை முன்னிட்டுப் பயணிகள் அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்துள்ளனர். அவரும் அப்பெயரையே சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். நான் பையும் கையுமாக வியர்க்க ஓடி வரும்போதெல்லாம், "ஓடாதீங்க வாத்தியாரே, நான்தான் மெதுவா போறேனே" என்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒன்றரை மாதத்துக்கு முன் ஒருநாள் காலை, வண்டியை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, எல்லாப் பயணிகளும் பார்க்க, "எங்களுக்கு ஒரு வாத்தியார் வேணும். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார்.

4. ஐயா, நான்கு ஆண்டுகளாக இவ்வூர் என்னைச் சுமந்து செல்கிறது. என்னிடம் இருப்பதை இவ்வூரில் ஒருவர் வேண்டும் என்று கேட்டது அதுவே முதல் முறை. சரி என்றேன். ஆறு வாரம், மாலை ஐந்து முதல் ஏழு வரை, பணிமனையின் டயர் அறையில். சட்டப்படி செய்ய வேண்டும் என்பதற்காக மறுநாளே தங்கள் இயக்ககத்துக்கு வந்தேன்.

5. இரண்டாம் பணிக்கு முதல் பணியிடத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று நான்காம் கவுண்டர் அம்மையார் சொன்னார். எங்கள் தலைமையாசிரியையிடம் கேட்டபோது, இயக்ககம் அனுமதித்த பிறகே சம்மதிக்க முடியும் என்றார். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் என்ற நிலையில், இரு அலுவலகங்களுக்கும் இடையே ஒன்பது முறை நடந்தேன். பத்தாம் முறை தலைமையாசிரியை மனமிரங்கி, "இது சம்மதம் இல்ல, வெறும் முத்திரை. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க" என்று பள்ளி நூலகத்தின் வட்ட முத்திரையை விண்ணப்பத்தில் வைத்துக் கொடுத்தார். நான்காம் கவுண்டரில் வட்ட முத்திரையைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்கவில்லை. உண்மையை மறைக்கக் கூடாது என்பதற்காக இதைத் தெரிவிக்கிறேன்.

6. சம்பளமே வேண்டாம், அப்படியானால் அனுமதி தேவையா என்றும் இடையில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அதற்கு அம்மையார், "சம்பளம் இல்லாம வேலை செய்யறதும் வாங்கறதும் குற்றம் சார். நீங்க ஆசிரியரா, குற்றவாளியா, முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்து, ஆசிரியர் என்றே முடிவு செய்து வந்தேன்.

7. தவறு நேர்ந்த இடம் இனிதான் வருகிறது. விண்ணப்பத்தின் ஒன்பதாம் கேள்வியில், இரண்டாம் பணியின் தன்மை என்ற இடத்தில், 'கணக்கு ஆசிரியர், ஓட்டுநர்களுக்கு' என்று எழுதியிருந்தேன். அம்மையார் அதைப் படித்துவிட்டு, "ஏற்கனவே வாத்தியார். மறுபடியும் வாத்தியார்னா அது எப்படி சார் ரெண்டாவது வேலை ஆகும்? ஓட்டுநர்ங்கறதை முன்னாடி போடுங்க, அப்பதான் வேற வேலை மாதிரி தெரியும்" என்று அறிவுரை கூறினார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் 'ஓட்டுநர்களுக்குக் கணக்கு ஆசிரியர்' என்று மாற்றி எழுதினேன். அவர் அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார். திரை அவர் பக்கம் இருந்ததால் நான் பார்க்க இயலவில்லை. நாலு எழுத்து அடித்ததுமே மீதியைக் கணினி தானே நிரப்பிக்கொண்டதாம். "கம்ப்யூட்டருக்கே புரிஞ்சிருச்சு சார்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நானும் மகிழ்ந்தேன்.

8. அதன்பின் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டவர் எல்லாருக்கும் இது வழக்கம் என்று நினைத்துப் போனேன். சிவப்பு எது, பச்சை எது என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கும் பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசிரியர் கூட்டங்களில் மட்டும் உண்டு என்று பதில் அளித்தேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே 'தகுதி' என்று எழுதிவிட்டார்.

9. இம்மாதம் 11ஆம் தேதி ஆணை வந்தது. 'தற்காலிகப் பேருந்து ஓட்டுநர், ஆறு வாரம்' என்று அதில் கண்டுள்ளது. ஐயா, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. என் மனைவி ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு, "நீங்க ஓட்டுற பஸ்ல நான் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். பன்னிரண்டு ஆண்டு மணவாழ்வில் நாங்கள் முழுமையாக ஒத்துப்போன சில கருத்துகளில் அது ஒன்று.

10. உடனே பணிமனைக்கு ஓடினேன். மேலாளர் அம்மாள் ஆணையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். தேர்வு எழுதும் இருபத்து மூன்று பேருக்கும் படிப்பு விடுப்பு கொடுத்திருப்பதால் ஆள் பற்றாக்குறை. எனது ஆணையின் நகல் நேராகத் தலைமையகத்துக்குப் போய், அங்கே பணிப்பட்டியலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். "நீங்க வாத்தியார்னு எனக்குத் தெரியும் சார். ஆனா பட்டியல் மேலேருந்து வருது, நான் என்ன பண்ணட்டும்" என்றார். எனக்கு ஓட்டுநர் உரிமமே இல்லையே என்று தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். உரிமத்தை ஆய்வாளர் சரிபார்ப்பார் என்று பதில் கிடைத்தது. எங்கே என்று கேட்டேன். முதல் நடை முடிந்ததும், கடைசி நிறுத்தத்தில் என்றார்கள்.

11. போகாமல் இருந்துவிடலாம் என்றால், ஆணையின் நான்காம் நிபந்தனை குறுக்கே நிற்கிறது. தக்க காரணமின்றி முதல் நாள் பணிக்கு வராதவரின் எல்லா அனுமதிகளும் ரத்தாகும் என்று அது கூறுகிறது. 'ஓட்டத் தெரியாது' என்பது தக்க காரணங்களின் பட்டியலில் இல்லை. வெள்ளம், பிரசவம், நெருங்கிய உறவினர் மரணம் ஆகிய மூன்றே உள்ளன. ரத்தானால் நானும் மனைவியும் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்குப் பாதிப் பாடம் நிற்கிறது.

12. ஆணை வருவதற்கு முந்தைய ஞாயிறு மதியம் ஓட்டுநர் ஆமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. உட்கார்ந்து, நோட்டை விரித்து, "வாத்தியாரே, மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா? மூணைவிட நாலுதானே பெருசு? ஆனா விடை தப்புன்னு போட்டிருக்கு" என்று கேட்டார். ஐயா, இருபது ஆண்டுகளாக இக்கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைப்பவன் நான். நாக்கின் நுனியில் பதில் நின்றது. அனுமதியின்றிக் கற்பித்தால் குற்றம் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற அவமானம் ஒருபுறம். அவர் மெல்ல நோட்டை மூடியதைப் பார்த்த வேதனை மறுபுறம். ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

13. அப்போது என் மனைவி சமையலறையிலிருந்து ஒரே அளவில் இரண்டு ரொட்டிகளை எடுத்து வந்து, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நாலாகவும் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை அவர் முன் வைத்துவிட்டு, "எது வேணுமோ எடுத்துக்கங்கண்ணே" என்றார். ஓட்டுநர் இரண்டு துண்டுகளையும் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். பிறகு, "அட, ஆள் கூடினா பங்கு குறையுது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டார். என் மனைவிக்கு இந்நாட்டில் எவ்வேலையும் செய்ய அனுமதி இல்லை என்பதை நான் அறிவேன். அவர் விருந்தினருக்கு உணவு பரிமாறினார் என்பதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். அடுத்த நாள் அதே கேள்வியோடு வேறு நான்கு ஓட்டுநர்கள் வந்ததும், வீட்டில் ரொட்டி தீர்ந்ததும் தற்செயலே.

14. இனி திங்கட்கிழமை விஷயம். காலை 7.05க்கு 17ஆம் எண் பேருந்தை நான் எடுக்க வேண்டும் என்று பட்டியல் சொல்கிறது. செய்தி கேட்டு ஓட்டுநர் ஆமை நேற்று மாலை மறுபடி வந்தார். தமது வண்டியை இன்னொருவர் தொடுவது அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் அஞ்சியிருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து, "கவலைப்படாதீங்க. என் வண்டி நல்ல வண்டி, பயப்படாது. நான் சொல்லித்தரேன்" என்றார். அவர் இந்நாட்டுக் குடிமகன். சொல்லித்தர அவருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. கற்றுக்கொள்வதற்கு வெளிநாட்டவருக்குத் தடை ஏதும் உள்ளதா என்று விதிமுறைப் புத்தகத்தை முழுவதும் புரட்டினேன். இல்லை.

15. ஆகவே ஐயா, எனது ஆணையில் 'பேருந்து ஓட்டுநர்' என்ற சொற்களை அடித்து 'கணக்கு ஆசிரியர்' என்று எழுதி, ஒரு வட்ட முத்திரை வைத்துத் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். நான்காம் கவுண்டர் அம்மையார் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். இவ்வூரில் நான் சொன்னதை முழுவதும் கேட்ட ஒரே அலுவலர் அவர்தான், கணினிதான் கேட்கவில்லை. தேர்வுக்கு இன்னும் பதினாறு நாட்களே உள்ளன. சதவீதம் முழுவதும் பாக்கி. இருபத்து மூன்று பேரும் டயர் அறையில் தினமும் ஐந்து மணிக்கு வந்து, ஏழு மணிவரை காலிப் பலகையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் விளக்குமாற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, நேற்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் மூன்றாம் கியர் வரை கற்றுவிட்டேன். ஓட்டுநர் ஆமை எனக்குக் கை வருகிறது என்கிறார். அவர் மிக நல்ல ஆசிரியர். பொதுமக்களின் நலன் கருதி, நான்காம் கியர் வருவதற்குள் தாங்கள் கையொப்பமிட்டுவிட வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் ஆணைக்கு அஞ்சிக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கணக்கு ஆசிரியர்

நாள்: 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் இயக்ககத்தின் காத்திருப்புக் கூடம், டோக்கன் எண் 212 (தற்போது நடப்பது 38)

இணைப்பு:
1. ஆணையின் நகல்.
2. மருத்துவத் தகுதிச் சான்று.
3. திங்கட்கிழமைப் பணிப்பட்டியல்.
4. ஓட்டுநர்கள் இருபத்து மூன்று பேரும் கையொப்பமிட்ட கடிதம். தேதியைக் கணக்கிட்டு அவர்களே எழுதியுள்ளனர். சரியாக உள்ளது.