சுமக்கும் எடை

கில்லெட்
மார்ச் 2

அப்பாவுக்கு,

நான்கு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஹேடிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ட்ராய் எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலையில் வெல்டராக இருப்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஓர் ஊர். போன வருடம் முழுக்க அவன் வீட்டில் இருந்தது நாற்பத்தொரு நாள். ஹேடி நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் வாடகை வீட்டை விட்டுவிட்டு, அவன் போகிற இடமெல்லாம் நாங்களும் போவது என்று முடிவு செய்துவிட்டோம். உள்ளேயே குடியிருக்கிற மாதிரி ஒரு ஃபிஃப்த்வீல் டிரெய்லர் பார்த்துப் பேசி முடித்தாயிற்று. நீங்களும் அம்மாவும் வைத்திருந்த மாதிரிதான், பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மூக்கை ஏற்றி மாட்டுகிற வகை. அதைவிட ஐந்தடி நீளம்.

அதை இழுக்க எந்த பிக்கப் வாங்குவது என்பதுதான் கேள்வி. ட்ராய் ஒன்று சொல்கிறான், கடைக்காரர் ஒன்று சொல்கிறார். உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும் ட்ராய், "அவர்கிட்டயா கேக்கப் போற? இந்த விஷயத்த, அவர்கிட்டயா?" என்றான். நியாயம்தான். ஆனால் வண்டி பற்றி உங்களைத் தவிர வேறு யாரிடமும் நான் கேட்டுப் பழகவில்லை.

பதில் எழுத மனமில்லை என்றால் பரவாயில்லை.

கெல்சி


சிறையிலிருந்து
மார்ச் 13

என் அன்பு கெல்சிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழன் வரை பிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் கிழவர் லாய்ட், "பிரிச்சாத்தானேய்யா திட்டா, தித்திப்பான்னு தெரியும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். பிரித்தேன். வண்டி பற்றி என்றதும் அவரே சிரித்துவிட்டார்.

ஹேடியின் பல்லை எங்கே வைத்திருக்கிறாய்? உன்னுடையதை உன் அம்மா ஒரு மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருந்தாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் வண்டி எவ்வளவு இழுக்கும் என்றுதான் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காதே. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ஃபிஃப்த்வீல் டிரெய்லர் பின்னால் மட்டும் வருவதில்லை. அதன் மூக்கு வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதில் இருக்கும். அந்த எண்தான் உனக்கு வேண்டும். ஒரே நிறம், ஒரே பெயர் உள்ள இரண்டு வண்டிகளில்கூட அந்த எண் வேறாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்.

டிரெய்லரின் மொத்த எடை என்ன என்று எழுது. காலியாக இருக்கும்போது உள்ளதல்ல, நிரப்பினால் உள்ள அளவு. தண்ணீரும் உடுப்பும் பாத்திரமும் இல்லாமல் யாரும் குடியிருப்பதில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ட்ராய் கேட்டால், இங்கே நூலகத்தில் வண்டிப் புத்தகங்கள் நிறைய உண்டு, நான்கு வருடமாக அதைத்தான் படிக்கிறேன் என்று சொல்.

உன் அப்பா


கில்லெட்
ஏப்ரல் 4

அன்புள்ள அப்பா,

சனிக்கிழமை கடைக்குப் போனோம். ட்ராய் ஒரு வெள்ளி நிற வண்டியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டான். விற்பனையாளர் இளைஞர், தொப்பியைத் தூக்கித் தூக்கிப் பேசினார். "மேடம், இது ஒரு வீட்டையே இழுத்துட்டுப் போகும்" என்றார். "இழுக்கும் சார். சுமக்குமா?" என்றேன். அவர் ட்ராயைப் பார்த்தார். ட்ராய் தன் பூட்ஸைப் பார்த்தான்.

நான் கதவைத் திறந்து சீட்டைப் படித்தேன். 1,750 பவுண்டு. அடுத்த அளவு வண்டியில் 2,400. பின்பக்கம் நான்கு சக்கரம் வைத்த பெரியது ஒன்று ஓரத்தில் அழுக்காக நின்றது. அதில் 5,300. டிரெய்லர் நிரப்பினால் 13,500.

அந்தப் பெரிய வண்டி எருமை மாதிரி இருக்கிறது, எந்த ஊரில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று ட்ராய் வழியெல்லாம் புலம்பினான். வீட்டுக்கு வந்தும் சண்டைதான்.

உங்கள் பரோல் விசாரணை செப்டம்பரில் என்று கடிதம் வந்திருக்கிறது. இறந்தவருடைய குடும்பத்தினர் என்று எனக்கும் அனுப்புகிறார்கள். இத்தனை வருடமும் அதைப் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டேன். இந்தத் தடவை பிரித்தேன். அம்மாவின் மகளாக நான் எழுதினால் குழு கவனிக்கும் என்கிறார்கள். எழுதுகிறேன் அப்பா. அது எதிர்பாராமல் பிரேக் போன விபத்து, வண்டி தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று எழுதுகிறேன். நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னதும் அதுதானே.

ஹேடி உங்களுக்கு ஒரு டிரெய்லர் வரைந்திருக்கிறாள். பிறகு அனுப்புகிறேன். ஜன்னலில் இருப்பது நீங்களாம். தாடி இருக்கிறதா என்று கேட்டாள், தெரியாது என்றேன்.

உங்கள் மகள்
கெல்சி


சிறையிலிருந்து
ஏப்ரல் 15

என் அன்பு மகள் கெல்சிக்கு,

தாடி இல்லை. வாரம் இரண்டு முறை மழிக்கிறேன். படம் வந்தால் சுவரில் ஒட்ட இப்போதே அனுமதி கேட்டிருக்கிறேன்.

கணக்கைப் பார். 13,500-ல் மூக்கு எடை 2,800 என்று வை. அதை மாட்டுகிற கொக்கித் தட்டு 200. நீங்கள் மூவரும் 420. ட்ராயின் வெல்டிங் சாமான் குறைந்தது 400. ஆக 3,820. வெள்ளி வண்டி இதில் பாதியைக்கூடச் சுமக்காது. நடு வண்டியும் கூடாது. அழுக்காக நிற்கிற எருமையை வாங்கு.

ட்ராயோடு சண்டை போடாதே. அவனிடம் எண்ணைச் சொல்லாமல் வண்டியை எடைமேடைக்குக் கூட்டிப் போ. ஜல்லிக் கிடங்கில் கேட்டால் ஏற்றி நிறுத்துக் கொடுப்பார்கள். தானாகப் பார்த்தால் ஒத்துக்கொள்வான். சொன்னால் எந்த ஆண்பிள்ளையும் கேட்பதில்லை.

சமவெளியில் எந்த வண்டியும் எதையும் இழுக்கும் கெல்ஸ். நெப்ராஸ்கா முழுக்க வெள்ளி வண்டி அழகாக ஓடும். மலை இறக்கத்தில்தான் அத்தனை எடையும் முன்னால் வந்து தள்ளும். அங்கே நீ ஓட்டுவதில்லை, அது உன்னை ஓட்டுகிறது. கீழ் கியரில் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, தவழ்ந்து இறங்க வேண்டும்.

குழுவுக்கு எழுதுவது பற்றி அவசரமில்லை. யோசித்துச் செய்.

உன் அப்பா


கில்லெட்
மே 9

அப்பாவுக்கு,

எருமையை வாங்கிவிட்டோம். நீங்கள் சொன்னபடியே நடந்தது. வெள்ளி வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் வாங்கி, அதில் டிரெய்லரை மாட்டி, ஜல்லிக் கிடங்கு எடைமேடையில் ஏற்றினோம். பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது, முன்விளக்கு வானத்தைப் பார்த்தது. ட்ராய் இறங்கிச் சுற்றி வந்தான். "சரி, உங்கப்பா ஜெயிச்சாரு" என்றான். உங்களைப் பற்றி அவன் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்ததில் அம்மாவின் தகரப் பெட்டி கிடைத்தது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய தாள்கள் எல்லாம் அதில்தான் போட்டிருந்தேன். படித்ததில்லை. படித்தாலும் முன்பு எனக்கு அவை வெறும் எண்கள்.

இப்போது படிக்கத் தெரிந்துவிட்டது.

உங்கள் பழைய வண்டியின் கதவுச் சீட்டு 2,130 பவுண்டு. டிரெய்லர் 12,000. நீங்கள் கற்றுக்கொடுத்த வரிசையிலேயே போட்டேன். மூக்கு, கொக்கி, நீங்கள், அம்மா, ஜெனரேட்டர். மூன்று தடவை போட்டேன். ஆயிரத்து நூறு பவுண்டு அதிகம் வருகிறது.

குழுவுக்கு எழுதிய கடிதம் உறையில் தபால்தலையோடு மேஜைமேல் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கணக்கை நீங்கள் சிறை நூலகத்தில்தான் படித்தீர்களா? இல்லை, அன்றைக்கே தெரியுமா?

கெல்சி


சிறையிலிருந்து
மே 21

கெல்சிக்கு,

தெரியும்.

நூலகத்தில் படித்தேன் என்றது பொய். இங்கே நூலகத்தில் இருப்பது பைபிளும் கௌபாய் கதைகளும்தான்.

வண்டி வாங்கிய அன்றே விற்றவர் சொன்னார், இந்த டிரெய்லருக்கு இது போதாது என்று. சரியான வண்டி வரவழைக்க ஆறு வாரம் ஆகும் என்றார். நானோ மே மாதக் கடைசி விடுமுறைக்குக் கிளம்புகிறேன் என்று பட்டறையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் வைக்கோல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன், எனக்கா தெரியாது என்று நினைப்பு. உன் அம்மா கதவுச் சீட்டை வாய்விட்டுப் படித்தாள். "அதெல்லாம் வக்கீலுங்களுக்குப் பயந்து ஒட்டுறது லுவான், அந்த நம்பர யாரும் பாக்குறதில்ல" என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்புகிறவள்தானே.

இன்னும் ஒன்று. இதை வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. பிக்ஹார்ன் மலையிலிருந்து டென்ஸ்லீப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் கருகல் வாடை வந்தது. "டெல், ஓரமா நிப்பாட்டு. என்னவோ தீயுது" என்றாள். ஓரத்தில் நிறுத்துமிடம் இருந்தது. அகலமான இடம். பின்னால் நான்கைந்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. எனக்கு வெட்கம். "கீழ போய் நிப்பாட்டிக்கலாம்" என்றேன். அடுத்த வளைவில் பிரேக் மிதி தரை வரைக்கும் போனது. எதிரே திரு. மேபரி தன் காரில் மலையேறி வந்துகொண்டிருந்தார். மற்றது உனக்குத் தெரியும்.

பிரேக் திடீரென்று போனது, எடை பற்றி எனக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொன்னேன். வக்கீல் அப்படிச் சொல்லச் சொன்னார். என் வாயை அவர் திறக்கவில்லை, நான்தான் திறந்தேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாய். அழுகிற பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் அழுகையைக் கொடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் தெரிந்துகொள்.

அந்தக் கடிதத்தை அனுப்பாதே. அதில் இருப்பது உண்மையல்ல.

அப்பா


சிறையிலிருந்து
ஜூலை 30

கெல்சிக்கு,

இரண்டு மாதமாகிவிட்டது. பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. தபால் கொடுக்கும் நேரத்தில் லாய்ட் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிவிட்டார்.

பரோல் குழு கேட்டால் உனக்கு எழுதியதையே சொல்லப்போகிறேன். என்ன ஆகும் என்று தெரியும். அதனால் உன்மேல் பழியில்லை. உன்னால்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கொக்கியை மாட்டியதும், டிரெய்லரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களைத் தூக்குவதற்கு முன் ஒரு முறை முன்னால் இழுத்துப் பார்க்கச் சொல் ட்ராயை. சரியாகப் பூட்டவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

ஹேடியின் படத்துக்கு அனுமதி வந்துவிட்டது. படம்தான் வரவில்லை. வேண்டாம், பரவாயில்லை.

டெல்பர்ட்


வொர்லண்ட், டிரெய்லர் நிறுத்துமிடம்
செப்டம்பர் 6

அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. குழுவுக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எதிராக எழுதப்போகிறாயா என்று ட்ராய் கேட்டான். அதுவும் எழுதவில்லை. உங்களுக்காகவும் உங்களுக்கு எதிராகவும் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

ட்ராயின் அடுத்த வேலை இங்கே அமைந்தது. கில்லெட்டிலிருந்து வருவதற்குக் குறுக்கு வழி அந்த மலைதான். சுற்றிப் போகலாம் என்றான் ட்ராய். நான் ஓட்டுகிறேன் என்றேன். "கெல்ஸ், வேணாம்மா" என்றான். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டான்.

மேலே நிறுத்திப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். கீழ் கியரில் போட்டேன். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. ஓரம் கட்டி அவனை விட்டேன். மறுபடி இறங்கினேன். நீங்கள் எழுதியபடி விட்டு விட்டு அழுத்தினேன். நீங்கள் சொன்ன நிறுத்துமிடத்தைப் பார்த்தேன், அகலமானதுதான். அந்த வளைவும் வந்தது. அதற்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. ஹேடி பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் ஆப்பிள் தின்றுகொண்டு வந்தாள். கீழே வந்ததும் ட்ராய் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்து, சூடுகூட இல்லை என்றான்.

நான் வண்டியை விட்டு இறங்கி, சாலையோரப் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ட்ராய் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். பயமில்லை அப்பா. அவ்வளவு சுலபமாக இருந்தது. இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். ஆறு வயதுக் குழந்தை ஆப்பிள் தின்று முடிப்பதற்குள் இறங்கிவிடலாம்.

நீங்கள் சொன்ன வண்டி சரியான வண்டி. இனி எனக்கு எழுத வேண்டாம்.

கெல்சி