சிவப்பு நூல் கட்டிய செடி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் சின்னவளும் நலம். பயிற்சிக்குப் போன இடத்தில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். உங்கள் கடிதத்தில் பதினெட்டு வரி. எண்ணிப் பார்த்தேன். பதினாறு வரி கீரையைப் பற்றி, ஒரு வரி சின்னவளின் பல்வலி பற்றி, கடைசியில் போனால் போகிறதென்று எனக்கு ஒரு வரி.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் பாத்தித் தண்டுக்கீரையில் நோய் இல்லை, எடையும் இல்லை. சவலைப் பிள்ளை மாதிரி நிற்கிறது. மூன்றாம் பாத்தி தராசை இழுக்கிறது, ஆனால் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம். அதே பாத்தியில் நீங்கள் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போன ஒற்றைச் செடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஆய்வுக்கூட உதவியாளர், அதுதான் அந்தக் கண்ணாடிக்காரி, தினமும் நம் குடியிருப்பு வழியாகத்தான் பாத்திக்குப் போகிறாள். உங்களிடமிருந்து அவளுக்கு நாலு பக்கக் கடிதம் வந்ததாம். எல்லாம் கீரைதான் என்று அவளே சொன்னாள். நான் கேட்டேனா? போன திங்கட்கிழமை எடை போட ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். கூடையைத் தூக்கிக்கொண்டே, "சாருக்கு சர்க்கரை இல்லாத காபிதான் பிடிக்கும், ஃபிளாஸ்க்ல நான்தான் கொண்டு வருவேன்" என்றாள். ஒன்பது வருடமாக உங்களுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குகிறவள் நான். வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.

அவள் தராசைக் கழுவப் போனாள். கத்தி என் கையில் இருந்தது. நானூறு செடியில் எடையும் நோய் தாங்கும் தெம்பும் சேர்ந்து வாய்த்தது அந்தச் சிவப்பு நூல் செடி ஒன்றுதான், விதைக்கு விட வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று நீங்கள் மூன்று முறை சொன்னது நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் வெட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சமைத்தேன். சின்னவள் முகத்தைச் சுளித்தாள், நானே சாப்பிட்டேன். ருசி ஒன்றும் பிரமாதமில்லை.

மறுநாள் கண்ணாடிக்காரி, நான் வெட்டியது போக மிஞ்சிய கட்டையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். கத்தி வெட்டுக்கும் ஆட்டுக் கடிக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? ஆனாலும் குறிப்பேட்டில் 'ஆடு மேய்ந்துவிட்டது' என்று எழுதினாள். "கவலைப்படாதீங்கக்கா, அடிக்கட்டை இருக்கு" என்றாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! இப்போது அவளுடைய நல்ல குணத்தின் மேலும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.

ஆடு இல்லை, நான்தான். அவள் கடிதம் முந்திக்கொள்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாலு விரல் உயரத்துக்குக் கட்டை மிஞ்சியிருந்தது. தினமும் விடிந்ததும் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். சுற்றி முள்ளும் நட்டிருக்கிறேன். இன்று பக்கவாட்டில் மூன்று துளிர். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன்; ஒரு கொப்புளம்கூட இல்லை. விதை பிடிக்குமா என்று அவளிடமே கேட்டேன். கேட்க நாக்கு எழவில்லை, ஆனாலும் கேட்டேன். நீங்கள் வருவதற்குள் பிடிக்கலாம் என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தாலும் பதில் போடுங்கள். முதல் வரியில் செடியைக் கேளுங்கள், பரவாயில்லை. இரண்டாவது வரியில் என்னைக் கேளுங்கள். சர்க்கரை எத்தனை கரண்டி என்பதையும் உண்மையாக எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆடு