பர்ஹீன் ஓடுவதற்குப் பார்த்து வைத்த ரோடு

அன்பு மகள் பர்ஹீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும் உன் அம்மியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஃபேன் வேகத்துக்காகச் சண்டை போட்டு, டீ குடிக்கும்போது சமாதானமாகி, குறையில்லாமல் இருக்கிறோம். ஹாம்பர்க்கில் நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். இதற்குக் கட்டைவிரல் போட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் நீ போனில் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிசம்பரில் ஒரு மாதம் லீவு இருக்கிறது, ஆனால் ஏப்ரலில் அரை மாரத்தான், பயிற்சி விட்டுப்போகக் கூடாது, திருத்தணியில் ஓட இடம் ஏதுப்பா, பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றாய். நான் சரிம்மா என்றேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மி, ஆங், அவ சௌரியம் எப்டியோ அப்டி செய்யட்டும் என்று மட்டும் சொன்னாள். உனக்கே தெரியும், அவள் நீளமாகப் பேசினால் கோபம், சுருக்கமாகப் பேசினால் வருத்தம். மூன்று வருஷம் கழித்து வருகிறவள் பத்து நாளில் கிளம்புகிறாள் என்பதை அவள் வெங்காயத்தோடு சேர்த்து உரித்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்தேன். வகுப்பில் ஒருவன் இந்தக் கணக்கு எனக்கு வராது சார் என்றால், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறாயா, பார்த்ததுமே சொல்கிறாயா என்று கேட்பேன். திருத்தணியில் ஓட இடமில்லை என்பதும் நாம் யாரும் போட்டுப் பார்க்காத கணக்குதான். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், கடைத்தெரு, நம் வீடு, இவ்வளவுதான் உனக்கு ஊர். அதற்கு வெளியே நீ ஒரு நாளும் காலால் போனதில்லை, நானும் போனதில்லை.

எனக்கு ஓடத் தெரியாது, முட்டி ஒத்துக்கொள்ளாது. அப்போதுதான் பின் தெரு யுவஸ்ரீ கிடைத்தாள். ஆட்டோ ஓட்டுகிறாரே உதயா, அவருடைய பெண், போலீஸ் செலக்‌ஷனுக்காகத் தினமும் விடிகாலையில் ஓடுகிறாள். விஷயத்தைச் சொன்னதும், நீங்க ரூட்டு சொல்லுங்க சார், நான் ஓடிப் பாத்து அக்காவுக்கு ஆவுமா ஆவாதான்னு சொல்றேன், எனக்கும் பிராக்டீஸாச்சி என்றாள். அவள் முன்னால் ஓட, நான் எக்ஸ்எல் வண்டியில் தண்ணீர்க் குடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் போவேன். இரண்டாம் நாளே திட்டும் வாங்கினேன். சார், நீங்க பின்னால வந்துகினு இருந்தா தொரத்தறா மாதிரி கீது, முன்னால போனா பொகை மூக்குல ஏறுது, தயவு பண்ணி பக்கத்துல வாங்க என்றாள். அன்று முதல் பக்கத்தில்தான் போகிறேன்.

பார்த்தவரையில் சொல்கிறேன். மலைமேல் வண்டி ஏறும் பாதை இருக்கிறதே, அதில் வேன்கள் கிளம்புவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும், மூச்சு வாங்கும், ஆனால் கடைசி வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கிறது, அரக்கோணம் போகிற ரயில் ஒரு மரவட்டை போல ஊர்ந்து போகிறது. டிசம்பரில் பனி இருந்தால் ரயில் தெரியாது, சத்தம் மட்டும் வரும், அதுவும் நன்றாக இருக்கும். நந்தி ஆற்றங்கரை சமதளம், முழங்காலுக்கு இதம், ஆனால் முள் அதிகம். பள்ளிப்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கி ஓடினால் கரும்புக்கும் வேர்க்கடலைக்கும் நடுவே மண்ரோடு, திடீரென்று போனில் ஆந்திரா தங்களை வரவேற்கிறது என்று செய்தி வரும், ஒரே ஓட்டத்தில் இரண்டு மாநிலம், உன் ஹாம்பர்க்கில் இது முடியுமா. அம்மையார்குப்பத்தில் யுவஸ்ரீ தெருவுக்குள்ளேயே ஓடினாள், இரண்டு பக்கமும் தறி சத்தம், தறி வேகத்துக்கே கால் விழுந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டாள். ஒரு நெசவாளர் ஜன்னல் வழியாக, யாரும்மா தொரத்தறாங்க உன்ன என்று கேட்டார். யாருமில்லண்ணா, தானா ஓடறேன் என்றாள். அவர் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார், தானாக ஒருவர் ஓடுவதை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஆடிக் கிருத்திகை அன்று பஸ், லாரி எல்லாவற்றையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்களே, அப்படியென்றால் மெயின் ரோடு காலியாக இருக்கும், மலையடிவாரம் வரை ஓடிப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வண்டியைக் கழித்தேன், காவடியைக் கூட்ட மறந்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு இப்படி ஒரு புத்தி. போதாததற்கு யுவஸ்ரீ போட்டிருந்தது கோச்சிங் சென்டர் கொடுத்த மஞ்சள் பனியன். ஷூ கடிக்கிறது என்று கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டு வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணி, வெறுங்கால், மலையைப் பார்த்து ஓட்டம், பக்கத்தில் குடத்தோடு ஒரு பெரியவர். பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள். காவடி எடுத்து வருகிறவர்கள் காலில் ஊற்றுவதற்கு மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்றிருந்த பெண்கள் ஓடிவந்து, இருங்க தாயி என்று நிறுத்தி, அவள் காலில் குடம் குடமாக ஊற்றிவிட்டார்கள். ஒரு அம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சித்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் தெலுங்கில், என்ன வேண்டுதலம்மா என்று கேட்டார். இவள் மூச்சு வாங்கிக்கொண்டே, போலீஸ் செலக்‌ஷனுக்குத்தான் என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏய், போலீஸ் வேண்டுதலாம்டி என்று தெரு முழுக்கச் செய்தி பரவி, அரோகரா என்று ஒரே சத்தம். அப்புறம் என்னைப் பார்த்து, பாய், நீங்க இன்னாத்துக்குக் கூட வந்துகினு கீறீங்க என்றார்கள். என் பொண்ணு லீவுக்கு வரணும்மா, அது ஓடறதுக்கு ரோடு பாக்கறோம் என்றேன். கேட்ட அம்மாவுக்கு இது சரியாக விளங்கியதா என்று தெரியவில்லை. பொண்ணு வரணும் என்பது மட்டும் விளங்கியது. மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை என் வண்டியின் முன்சக்கரத்தில் ஊற்றி, வந்துடும், போங்க பாய் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மி சிரித்த சிரிப்பில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ போன் பேசிய நாளுக்குப் பிறகு அப்படி அவள் சிரித்தது அன்றுதான். அதுவரை அவளுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை, வயசுப் பொண்ணு டைட்டு பேண்ட் போட்டுகினு ரோட்ல ஓடினா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் நான் வண்டியை எடுத்தபோது பர்தாவை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த நாலு பேரு யாருன்னு நானே பாத்துட்டு வரேன் என்றாள். யுவஸ்ரீக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கி வா, அளவைத் தனியாக அனுப்புகிறேன், அந்தப் பெண் உனக்காகப் புண்ணான காலோடு ஓடியிருக்கிறது.

அம்மியோடு அன்று போனது கே.ஜி.கண்டிகை தாண்டி வரும் ஏரிக்கரை. எல்லா வழியிலும் இதுதான் முதல் மார்க் என்பேன். கரை முழுக்கப் பனைமரமும் புளியமரமும், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல், தூரத்தில் நம் மலை, மண் மெத்தென்று இருக்கும், ஒரு சுற்று ஓடினால் உன் ஹாம்பர்க் ஏரிக்கு ஒன்றும் குறைந்ததில்லை. குறை ஒன்றே ஒன்று, கரை ஆரம்பிக்கும் இடத்தில் பங்காரு என்பவருடைய டீக்கடை, அவருடைய நாய் ஜிம்மி. கடிக்காது, ஆனால் ஓடுகிறவர்களை மட்டும் பல்லைக் காட்டித் துரத்தும், நடந்தால் விட்டுவிடும். நான் இரண்டு முறை பணிவாகச் சொல்லிப் பார்த்திருந்தேன், டிசம்பர்ல என் பொண்ணு வருது, ஒரு பத்து நாளைக்குக் காலையில கட்டி வைங்க என்று. பங்காரு பிடி கொடுக்கவில்லை. அன்று அம்மி வண்டியிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போனாள். இன்னா பங்காரு, இதான் உன் நாயா, என் பொண்ணு வெளிநாட்ல இருந்து வந்து இங்க ஓடும், அதுக்கு ஒரு கீறல் விழுந்துது, அப்பறம் நீ டீ ஆத்த முடியாது என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, கட்டிடறேன்மா, பத்து நாளுதானே என்றார். யாரு சொன்னது பத்து நாளு, டிசம்பர் மாசம் முழுக்கக் கட்டு என்றாள் அம்மி. சார் பத்துன்னு சொன்னாரேம்மா என்று அவர் என்னைப் பார்த்தார். சாருக்கு வயசாயிடுச்சி, கணக்கு வர்றதில்ல என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், பர்ஹீன். ஏரிக்கரையில் நின்றுகொண்டு, ஆமாம் என்று பங்காருவிடம் தலையாட்டினேன். பங்காரு சரி என்று ஒத்துக்கொண்டார், நாய்க்குப் புதுச் சங்கிலியும் வாங்கிவிட்டதாக நேற்று யுவஸ்ரீ சொன்னாள். ரோடு இருக்கிறது, பிடித்தால் ஓடு, பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு பார்க்கலாம். முடிவு உன்னுடையது, நான் வற்புறுத்த மாட்டேன், உன் அம்மியும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அவள் கேட்க வேண்டியதை எல்லாம் பங்காருவிடம் கேட்டுவிட்டாள்.

இறைவன் உன் காலுக்கு வலுவும் மனசுக்கு நிம்மதியும் தந்து, போகிற வழியெல்லாம் காவலாக இருக்கட்டும். குளிரில் வெறும் வயிற்றோடு ஓடாதே, இரண்டு பேரீச்சம்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போ. டிக்கெட் போடும்போது வருகிற தேதியை என்னிடம் சொன்னால் போதும், திரும்பும் தேதியை மட்டும் அம்மிக்கு போன் செய்து, அவளிடம் கேட்டுப் போடு.

துஆவுடன்,
உன் அப்பா
அப்துல் ஷுக்கூர்
திருத்தணி