நீலக் கதிரை

16 ஆகஸ்ட் 1998, ஞாயிறு

காலையில் இரத்தினபுரியிலிருந்து கணக்கெடுக்க ஒரு நோனா, சிங்கள உத்தியோகப் பெண், எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கிராமத்துச் சிங்கள ஆட்கள், கடைவீதித் தமிழர், தோட்டத்து வரிசைக் காம்பராக்களில் இருக்கும் எங்கள் லயத்து ஆட்கள், இதில் யார் எவ்வளவு வசதி என்று பார்க்கிறார்களாம். நிவாரணமும் இதை வைத்துத்தானாம். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் கூடவே கூட்டிப் போனார்.

முதல் வீட்டில் ராசம்மா அக்கா ஒரு நீல பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். நோனா உட்கார்ந்து, 'கதிரை உண்டு' என்று பாரத்தில் குறித்தார். நாங்கள் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போவதற்குள் அதே கதிரை பின்பக்கமாக அங்கே போய்விட்டது. வந்தவரை நிற்க வைத்துப் பேச எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாலாவது வீட்டிலும் 'கதிரை உண்டு' என்று அவர் எழுதியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நோனா பாரத்தை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

கடைசியாக எங்கள் வீடு; அங்கேயும் அதே நீலக் கதிரை. "கிராமத்தில் சில வீடுகளில் உட்காரப் பலகைகூட இல்லை. நீங்கள் பரவாயில்லை" என்றார் நோனா சிங்களத்தில்.

"என்னாடி சொல்றாங்க?" என்றார் அம்மா.

"நாம நல்லா இருக்கோமாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. ஒரே கதிரைதான் சுற்றி வருகிறது என்று நோனாவிடம் சொன்னால் லயத்துக்கே அவமானம். நோனாவை ரோடு வரை கொண்டுபோய் விட்டேன்.

சாயந்தரம் ராசம்மா அக்காவிடம் கதிரையைக் கொண்டுபோனேன்.

"எங்களுது இல்ல புள்ள. வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளமடுவத்துல ஆயா உக்கார்ற கதிரை அது. காலையில கொண்டுபோய் வச்சிரு."