இருபத்தைந்துக்கு மேல் ஓடாத வண்டி

நண்டின் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் சிக்னல் சரியில்லை என்பீர்கள். உங்களோடு வேலை பார்க்கிற வெல்டர் லீவு முடிந்து நாளை கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் பிள்ளைகள் நிலவரம். நண்டுக்குத் தோள்பட்டை எலும்பு கூடி வருகிறது. இடது கையால் சாப்பிடுகிறாள், பாதி வாயில், பாதி மடியில். தையல்காரம்மா மகள் குச்சி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். முழங்காலில் இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. கால் முன்போல மடங்குமா என்று கேட்டால், பார்ப்போம் என்கிறார் டாக்டர்.

அந்த எலெக்ட்ரிக் சைக்கிளை நீங்கள் வாங்கி அனுப்பியபோது, வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். பதினோரு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். இந்த வண்டிகளில் வரும் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பஸ்ஸின் ஓரத்தில் நுழைவதும், கண்ணாடியில் தெரியாத இடத்தில் வந்து நிற்பதும் தினமும் என் உயிரை எடுக்கிற விஷயம். நீங்கள்தான் சமாதானம் சொன்னீர்கள். பதினாறு வயது ஆகாதவர்கள் ஓட்டுகிற வண்டி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, கம்பெனியிலேயே பூட்டித்தான் அனுப்புகிறார்கள், சட்டமே அப்படித்தான் என்றீர்கள். நானும் லீவு நாளில் மெயின் ரோடு வரை ஓட்டிப் பார்த்தேன். எவ்வளவு முறுக்கினாலும் இருபத்தைந்தில் நின்றது. எனக்குத் திருப்தி.

அப்புறம் உங்களைப் போனில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சேர்ந்து எழுதிய தாள் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஹெல்மெட் வாரை மாட்டாமல் ஏறக்கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது, நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று நான் சொல்லச் சொல்ல நண்டு எழுதினாள். வேகத்தைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னேன். அதுதான் வண்டியே பார்த்துக்கொள்ளுமே, எதற்கு என்றீர்கள் நீங்கள். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் பட்டது.

அதை நம்பி நான் ஊருக்கே வாத்தியார் வேலை பார்த்தேன். நண்டு படிக்கிற பள்ளிக்கூடத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையாக டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, எங்கே நின்றால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது என்று காட்டினேன். பேசி முடிக்கும்போது என் மகளின் வண்டி இருபத்தைந்துக்கு மேல் ஒரு அடி நகராது என்று மார்தட்டினேன். நண்டு கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா மேடையில் பேசுகிறாளே என்று கூச்சப்படுகிறாள் என நினைத்தேன்.

தையல்காரம்மா என்னிடம் இரண்டு தடவை கேட்டார். உங்கள் மகள் வண்டியில்தான் இவளும் டியூஷனுக்குச் சுற்றுகிறாள் போலிருக்கிறது, பயமில்லையே என்று. பின்னால் ஏற்றமாட்டாள், அப்படியே ஏற்றினாலும் அது ஆமை வண்டி என்று சிரித்தேன். ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னுதானே விட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நூலகத்துக்குப் பக்கத்து இறக்கத்தில்தான் விபத்து நடந்தது, குச்சி பின்னால் உட்கார்ந்திருந்தாள். நின்றிருந்த காரின் கதவை யாரோ திறந்திருக்கிறார்கள். பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. இருந்தது ஒரே ஹெல்மெட், அதை குச்சிக்கு மாட்டிவிட்டு இவள் வெறுந்தலையோடு ஓட்டியிருக்கிறாள். என் மகள் செய்தது தப்பு, இரட்டைத் தப்பு, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனாலும் அந்த ஹெல்மெட் விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் ஒரு சைக்கிள் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்தார். வண்டி நாற்பத்து நாலில் போயிருக்கிறது என்றார். நான் சண்டைக்கே போய்விட்டேன். எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானே ஓட்டிப் பார்த்தது என்று குதித்தேன். அந்த மெக்கானிக் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு விளக்குப் பட்டனை மூன்று முறை தட்டினார். திரையில் இருபத்தைந்து போய் நாற்பத்தைந்து வந்தது. "இதுக்குப் பேரு மூணு தட்டுங்க. பூட்டு திறந்துக்கும். ஆனா பிரேக்கு இருபத்தஞ்சுக்குத்தான் போட்டது" என்றார்.

மூணு தட்டு.

வண்டி வந்த நாளிலிருந்து நீங்களும் நண்டும் போனை வைக்கும்போது சொல்லிக்கொள்வீர்களே, அந்த மூணு தட்டு. அப்பாவும் மகளும் செல்லமாக ஏதோ வைத்திருக்கிறார்கள், தூரத்திலிருந்து முதுகில் தட்டிக்கொடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமைகூட. அதனால் நானும் சொல்ல ஆரம்பித்தேன். பரீட்சை நாளில் அவள் டிபன் பாக்ஸுக்குள் சீட்டு எழுதி வைத்தேன், "பயப்படாதே, மூணு தட்டு, அம்மா" என்று. உங்களிடம் அதைச் சொன்னபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் தலையில் மிளகாய் அரைத்ததுகூடப் பரவாயில்லை. அரைக்கிற அம்மிக் குழவியை என் கையாலேயே தள்ள வைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறச் சிரமப்படுகிறாளே என்றுதான் சொல்லிக்கொடுத்தேன் என்றீர்கள். அதையாவது பாசம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து நீங்கள் சொன்னதுதான் என்னைக் கொன்றது. அவள் சின்னப் பிள்ளை, தானே கண்டுபிடித்தேன் என்று சொன்னால் கண்டித்து விட்டுவிடுவார்கள், என் பெயர் வந்தால் கிரேன் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள், நீ சும்மா இரு என்றீர்கள். விபத்து நடந்த அன்றே இதையே அவளிடம் சொல்லி வைத்துவிட்டீர்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தோள் எலும்பு உடைந்து படுத்திருந்த பிள்ளையிடம்.

உங்கள் கிரேனில் எடை கூடினால் தானாக நின்றுவிடுகிற பூட்டு ஒன்று உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஓட்டு என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னதற்காக, சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தவர் நீங்கள். கீழே நிற்பவனும் ஒருத்தன் பிள்ளைதானே என்று கேட்டீர்களாம். அதைக் கேட்டுத்தான் உங்களைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன். அந்த மனுஷன் எங்கே போனார் என்று தெரியவில்லை.

இருபதாம் தேதி விசாரணை. வண்டியின் பூட்டைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நண்டிடம் கேட்பார்கள். நானாகவே கண்டுபிடித்தேன் என்று சொல்ல, கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். முதல் தடவை குரல் நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை. குச்சியைப் பார்க்கப் போகலாம் வா என்றால் மட்டும் தலைவலி என்று போர்த்திக்கொள்கிறாள்.

அன்றைக்கு என்னையும் கேட்பார்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன், இதை மறைமுகமாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை, அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். ஆனால் நான் சொன்னால் அவள் என்னையே பொய்க்காரி என்பாள். அப்பா பக்கம்தான் நிற்பாள். அவ்வளவு நம்பிக்கை உங்கள் மேல். எனக்கும் பதினேழு வருஷம் அப்படித்தான் இருந்தது. என்னுடையது போனது போகட்டும், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

இருபதாம் தேதிக்குள் அவளைக் கூப்பிடுங்கள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நீ யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அடுத்து தையல்காரம்மாவிடமும் பேசுங்கள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், நீங்கள் கூப்பிட்டதும் போனை நண்டிடமே கொடுத்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் உங்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இறங்குங்கள்.

காற்று பலமாக அடிக்கிற பருவம் என்று வெல்டர் சொன்னார். உயரத்தில் வேலை. பார்த்து ஏறுங்கள்.

இப்படிக்கு,
நண்டின் அம்மா