என் தங்கையின் நிவாரண ராகியை அவள் கையிலேயே கொடுக்க வேண்டும்

அனுப்புபவர்:
சி. முனிவேல், விவசாயி,
கெலவரப்பள்ளி கிராமம், ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.

பெறுபவர்:
சப் கலெக்டர் அவர்கள், ஓசூர்.

பொருள்: தங்கை சென்னம்மாள் குடும்பத்தின் பஞ்ச நிவாரணம் – வாங்கும் பொறுப்பிலிருந்து என்னை நீக்கி அவளையே நியமிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கை சென்னம்மாள் பிறவியிலேயே காது கேளாதவள், வாய் பேசாதவள். அவள் கணவன் எல்லப்பன் சென்ற ஐப்பசியில் ஏரி வேலையில் மண் சரிந்து இறந்துபோனான். சர்க்கார் இரக்கம் கொண்டு, அவளுக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் மாதந்தோறும் ராகியும் பால் பவுடரும் உத்தரவு செய்தது. மனைவியை இழந்து தனியாக இருந்த நான் அன்று முதல் அவள் வீட்டிலேயே இருக்கிறேன்.

2. அவள் பேச முடியாதவள் என்பதால், நிவாரணத்தை வாங்கிப் பராமரிக்க என்னை நியமித்தார்கள். அந்த நியமனம் தவறு என்பதே என் புகார். புகார் என் மேல்தான்.

3. தை மாதம் ராகி வாங்கி வண்டியில் திரும்புகையில், நாட்றாம்பாளையம் மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த சனங்கள் சாலையோரம் மடியேந்தி நின்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டேன். வீடு சேர்ந்தபோது மூட்டை பாதியாக இருந்தது. தங்கை மூட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வழக்கம்போல் களி உருண்டை வந்துகொண்டிருந்தது. இருபது நாள் கழித்து மூத்தவள் பூவம்மாள், "மாமா, அம்மா வெறும் கூழுத் தண்ணிதான் குடிக்குது. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பிக்குது" என்றாள்.

4. மாசியில் அவளையும் அழைத்துப் போனேன். கிடங்கில் மூட்டையின் அடிவரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். மேலே நல்ல ராகி. அடியில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தது. நான் கண்டிருக்கவே மாட்டேன். கிடங்குக்காரர் தாமும் கவனிக்கவில்லை என்று சொல்லி உடனே மாற்றிக் கொடுத்தார். வழியில் மறுபடியும் சனங்கள் வந்தார்கள். என் கை மூட்டைக்குப் போகவும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தானே இறங்கி, கைக்குழந்தை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டாள். அந்த மாதம் நாங்கள் நால்வரும் வயிறாரத் தின்றோம்.

5. பெயரை மாற்றித் தரும்படி குமாஸ்தா ஒருவரிடம் இரண்டு முறை கேட்டேன். "வாய் பேசாத பொம்பள பேருல எப்படிப்பா எழுதறது? ஆம்பள நீ இருக்கறே இல்ல?" என்றார். நான் இருப்பதுதான் சங்கடம் என்று அவருக்கு விளங்கவில்லை.

6. ஆகையால் தாங்கள் அவளை நேரில் அழைத்து, ஒரு மூட்டையை முன்னால் வைத்துச் சோதித்துப் பார்த்து, நிவாரணம் முழுவதையும் அவள் கையிலேயே கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். மூட்டை தூக்கவும் வண்டி ஓட்டவும் நான் எப்போதும் போல் வருவேன்.

7. இன்னும் ஒரு வேண்டுகோள். இம்மனுவில் என் பெயரை அடித்துவிடச் சொல்லியிருப்பதை அவளுக்குச் சைகையில் விளக்கினேன். நான் வீட்டை விட்டே போகப் போகிறேன் என்று எண்ணி அழுதாள். என் துணிமூட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. விசாரணையின்போது, அண்ணன் எங்கும் போகமாட்டான் என்று பெரிய அதிகாரியாகிய தாங்களே அவளுக்கு ஒருமுறை கைகாட்டிச் சொன்னால் நம்புவாள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வணங்கும்,
சி. முனிவேல் (கையொப்பம்)
சென்னம்மாள் (இடது பெருவிரல் ரேகை)

இடம்: கெலவரப்பள்ளி
தேதி: 6-4-1953